மோட்டார்ஹோமுக்குப் பின்னால் காரைக் கட்டி இழுப்பது: ஓட்டுபவருக்குத் தெரியாமல் பின்னால் நடப்பவை

கேள்வி இதுதான். பத்து டன் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள வீட்டு வண்டி ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். போகிற இடத்தில் சுற்றிப் பார்க்க, வீட்டில் இருக்கும் ஆட்டோமேட்டிக் காரையே நான்கு சக்கரமும் தரையில் உருள பின்னால் கட்டி இழுத்துப் போகத் திட்டம். இரண்டு வண்டியையும் இணைக்கும் இழுவைக் கம்பியான டோ பாரை விற்பவர், "இது நாலரை டன் தாங்கும், உங்கள் கார் ஒன்றரை டன் சொச்சம்தானே, கண்ணை மூடிக்கொண்டு போகலாம்" என்று சொல்லிவிட்டாராம். காருக்குத் தனி பிரேக் வேண்டுமா, வேறென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

பிரேக் வேண்டும். அதற்கான கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன், "கண்ணை மூடிக்கொண்டு" என்று அவர் சொன்னாரே, அதைப் பற்றிக் கொஞ்சம். மோட்டார்ஹோம் ஓட்டும்போது பின்னால் வரும் காரைப் பொறுத்தவரை உங்கள் கண் ஏற்கெனவே பாதி மூடித்தான் இருக்கும். பத்து டன் வண்டிக்குப் பின்னால் ஒன்றரை டன் தொங்குவது உடம்பில் உறைக்கவே உறைக்காது. எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது. பக்கக் கண்ணாடியில் கார் தெரியாது, வளைவில் திரும்பும்போது ஒரு ஓரம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

எனக்கு இது உறைத்தது ஒரு டயர் போன பிறகு. நெடுஞ்சாலையில் பக்கத்தில் வந்த ஒருவர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டிக்கொண்டே போனார். வழி விடச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு மேலும் சில கிலோமீட்டர் ஓட்டினேன். நிறுத்திப் பார்த்தால் காரின் பின் இடது டயர் நார் நாராகக் கிழிந்து, இரும்பு வளையம் தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு சின்ன அதிர்வுகூட வரவில்லை. எப்போது காற்று போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழே நான் சொல்லப்போகிற பாதிக்கு மேற்பட்ட விஷயங்கள், பின்னால் வருகிற அந்த ஊமை வண்டியைப் பேசவைக்கிற வழிகள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னை முதலில் உறுத்தியது "ஆட்டோமேட்டிக்" என்ற சொல். நான்கு சக்கரமும் தரையில் இருக்க ஒரு காரை இழுத்தால், எஞ்சின் ஓடாது, சக்கரங்கள் மட்டும் சுற்றும். சக்கரத்தோடு கியர்பாக்ஸின் ஒரு பகுதியும் சேர்ந்து சுற்றும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப்பை ஓட்டுவது எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும். உள்ளே இருக்கும் பல்சக்கரங்களும் பேரிங்குகளும் எண்ணெய் இல்லாமல் மணிக்கணக்கில் சுற்றிச் சூடேறிக் கருகிவிடும். நியூட்ரலில் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நியூட்ரல் எஞ்சினைத்தான் பிரித்துவிடுகிறது. சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் உள்ள தொடர்பு அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே டோ பார் வாங்குவதற்கு முன் காரின் கையேட்டை எடுங்கள். அதில் "ரிக்ரியேஷனல் டோவிங்", அதாவது சுற்றுலாவுக்காகக் காரை இழுத்துப் போவது பற்றி ஒரு பகுதி இருக்கும். நான்கு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கலாமா, எந்த வேகம் வரை, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கும். கூடாது என்று எழுதியிருந்தால் கூடாதுதான். அதே கார் வைத்திருக்கும் நண்பர் மூன்று வருடமாக இழுக்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது. கையேடு உங்கள் காரின் அதே வருடத்துக்கு உரியதாக இருப்பதும் முக்கியம். ஹோண்டா சிஆர்-வி இதற்கு நல்ல உதாரணம். வட அமெரிக்காவில் 2014 மாடல் வரை அதை இப்படி இழுக்கலாம் என்று கையேடே சொன்னது. எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொரு நிலையாக நகர்த்தி, டிரைவிலிருந்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்று முறையும் கொடுத்திருந்தார்கள். 2015-இல் சிவிடி என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது, அனுமதி போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கார்தான்.

மோட்டார்ஹோம்காரர்களிடம் ஜீப் ராங்ளர் இவ்வளவு பரவலாக இருப்பதற்கும் காரணம் இந்தக் கியர்பாக்ஸ் விவகாரம்தான். அதில் கியர்பாக்ஸுக்கு அப்பால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு தனிப் பெட்டி இருக்கிறது, அதற்கென்று ஒரு நியூட்ரலும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சக்கரங்கள் சுற்றுவது கியர்பாக்ஸுக்கு எட்டாது. ஆட்டோமேட்டிக் ராங்ளரில் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டுவிட்டு, கியரை பார்க்கில் வைத்து இழுக்க வேண்டும். முதல்முறை செய்பவர்களுக்குக் கை கூசும், ஆனால் கையேடு சொல்வது அதைத்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் உண்மையாகவே நியூட்ரலில் விழுந்ததா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே டிரைவிலும் ரிவர்ஸிலும் போட்டுப் பார்க்க வேண்டும். வண்டி துளியும் நகரக் கூடாது. இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்கள் சிலர் கியர்பாக்ஸையே இழந்திருக்கிறார்கள்.

மேனுவல் கியர் என்றால் பயமில்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானவற்றில் பல்சக்கரங்கள் சுற்றும்போது எண்ணெயைத் தாமே வாரியிறைத்துக்கொள்ளும், அதனால் பிழைத்துக்கொள்ளும். சிலவற்றில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் தண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது, அவை பிழைக்காது. மின்சாரக் கார்களில் விவகாரமே வேறு. மோட்டார் சக்கரத்தோடு நேராக இணைந்திருப்பதால் சக்கரம் சுற்றினால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். டெஸ்லா தன் கார்களைச் சக்கரங்கள் தரையில் படாமல்தான் கொண்டுபோக வேண்டும் என்கிறது. டொயோட்டா பிரியஸிலும் முன்சக்கரம் தரையில் உருளக் கூடாது.

உங்கள் கார் இந்தச் சோதனையில் தேறவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. முன்சக்கர இழுவை, அதாவது எஞ்சின் முன்சக்கரங்களைச் சுற்றவைக்கும் காராக இருந்தால் டோ டாலி போதும். முன்சக்கரம் இரண்டும் அந்தக் குட்டி வண்டியில் ஏறிக்கொள்ளும், பின்சக்கரங்கள் மட்டும் உருளும். பின்சக்கர இழுவை, நான்கு சக்கர இழுவைக் கார்களை டாலியில் ஏற்றுவதற்கு முன், பின்சக்கரங்களுக்குப் போகும் சுழல்தண்டைக் கழற்றுவது போன்ற வேலைகள் வரும். அவற்றுக்கு முழு டிரெய்லர்தான் நல்லது. டிரெய்லர் எந்தக் காரையும் ஏற்றுக்கொள்ளும், பின்னோக்கியும் ஓட்டலாம். ஆனால் அதுவே அரை டன்னுக்கு மேல் எடை இருக்கும், போய்ச் சேர்ந்த இடத்தில் அதை நிறுத்த இடமும் தேட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஊர் மாறுகிறவருக்கு டிரெய்லர், நாளுக்கு ஒருமுறை மாறுகிறவருக்கு நான்கு சக்கர முறை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அந்த நாலரை டன்னுக்கு வருவோம். டோ பார் நாலரை டன் தாங்கும் என்பது பொய்யாக இருக்காது. ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணியின் பலத்தை மட்டும் வைத்து என்ன செய்வது? மோட்டார்ஹோமின் பின்னால் இருக்கும் இணைப்புப் பாகமான ஹிட்ச்சுக்கு ஒரு வரம்பு, அதில் செருகும் அடாப்டருக்கு ஒன்று, டோ பாருக்கு ஒன்று, காரின் அடிச்சட்டத்தில் பொருத்தும் பேஸ் பிளேட்டுக்கு ஒன்று, பாதுகாப்புக் கம்பிகளுக்கு ஒன்று. இவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. இவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

மோட்டார்ஹோமின் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மோட்டார்ஹோம் தனியாக, முழுச் சுமையோடு எவ்வளவு இருக்கலாம் என்பது, ஜிவிடபிள்யூஆர். மற்றது மோட்டார்ஹோமும் இழுக்கப்படும் வண்டியும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது, ஜிசிடபிள்யூஆர். ஃபோர்டு எஃப்-53 அடிச்சட்டத்தில் கட்டிய பெட்ரோல் மோட்டார்ஹோம்கள் பலவற்றில் இவை 22,000 பவுண்டும் 26,000 பவுண்டும். கிட்டத்தட்ட 9,980 கிலோ, 11,790 கிலோ. பின்னால் இருக்கும் ஹிட்ச்சில் 5,000 பவுண்டு, அதாவது 2,270 கிலோ என்று எழுதியிருக்கும். மோட்டார்ஹோமை முழு வரம்புக்கும் நிரப்பிவிட்டால் மிச்சம் இருப்பது 1,810 கிலோதான். ஹிட்ச்சில் எழுதியிருப்பதை நம்பி இரண்டு டன் ஜீப்பை மாட்டினால் எஞ்சினும் கியர்பாக்ஸும் அச்சும் வரம்பைத் தாண்டிவிடும், ஹிட்ச் மட்டும் சும்மா சிரித்துக்கொண்டிருக்கும்.

அதனால் எடை மேடைக்குப் போய் நிறுத்துப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, எரிபொருள், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு. தண்ணீர் மட்டுமே முந்நூறு நானூறு கிலோ சேர்க்கும். காரையும் அதில் போட்டு வைக்கும் சைக்கிள், நாற்காலி, கருவிப் பெட்டியோடு நிறுங்கள். ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக நிறுத்தால் இன்னும் நல்லது, டயர் காற்றழுத்தம் எவ்வளவு வைக்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பிரேக் வேண்டுமா என்று கேட்டீர்கள். கணக்கு போடலாம். மோட்டார்ஹோமின் பிரேக்குகள் அதன் சொந்த எடை வரம்புக்காகத்தான் வடிவமைக்கப்பட்டவை. பத்து டன் மோட்டார்ஹோம் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகிறது, நன்றாக பிரேக் அடித்தால் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்க 62.5 மீட்டர் ஆகும். இப்போது பிரேக் இல்லாத 1,600 கிலோ கார் பின்னால் இருக்கிறது. அதே பிரேக் விசை இப்போது 11,600 கிலோவை நிறுத்த வேண்டும், தூரம் 72.5 மீட்டர் ஆகிறது. பத்து மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கார் இல்லாமல் எந்த இடத்தில் நின்றிருப்பீர்களோ அதே இடத்தை இப்போது மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருப்பீர்கள். அந்த இடத்தில் முன்வண்டியின் பின்பக்கம் இருந்தால்?

இது ஒரே ஒரு தடவை பிரேக் அடிக்கும் கணக்கு. நீண்ட மலை இறக்கத்தில் அந்த 1,600 கிலோவின் ஆற்றலும் மோட்டார்ஹோமின் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். சூடு ஏறஏற பிரேக்கின் பிடி குறையும். ஈரச் சாலையில் வளைந்துகொண்டே பிரேக் அடித்தால் பின்னால் இருப்பது உங்கள் பின்பாகத்தைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். சட்டம் எத்தனை கிலோவுக்கு மேல் பிரேக் கேட்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் இப்படி இழுக்கப்படும் கார் டிரெய்லராகவே கருதப்படுகிறது, 750 கிலோவுக்கு மேல் என்றால் பிரேக் இருந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 3,000 பவுண்டை எல்லையாக வைத்திருக்கும் மாநிலங்கள் பல, கலிஃபோர்னியா போல அதைவிடக் குறைவாக வைத்திருப்பவையும் உண்டு. சட்டம் கேட்காத இடத்திலும் பத்து மீட்டர் பத்து மீட்டர்தான். உங்கள் மோட்டார்ஹோம் அடிச்சட்டத்தைச் செய்த நிறுவனமே எத்தனை கிலோவுக்கு மேல் தனி பிரேக் வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கும், அதையும் பாருங்கள்.

காருக்கான துணை பிரேக்கில் பொதுவாக இரண்டு வகை. ஒன்று ஓட்டுநர் இருக்கைக்கு முன் தரையில் வைக்கும் பெட்டி. மோட்டார்ஹோம் வேகம் குறைவதை உணர்ந்து, அதே அளவுக்குக் காரின் பிரேக் பெடலை அழுத்தும். கார் மாற்றினால் தூக்கி அடுத்த காரில் வைத்துக்கொள்ளலாம். மற்றது காரிலேயே நிரந்தரமாகப் பொருத்துவது. ஏர் பிரேக் உள்ள பெரிய டீசல் மோட்டார்ஹோம் என்றால் அந்தக் காற்றழுத்தத்தையே காருக்குக் கொண்டுபோகும் வகை இருக்கிறது. நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு அங்கேயும் அழுத்தும். காசும் மனமும் இருந்தால் நிரந்தர வகை என்பேன். ஒவ்வொரு முறையும் பெட்டியைச் சரியாக வைக்க வேண்டும் என்ற இடத்தில்தான் மனிதத் தவறு நுழைகிறது.

பெட்டி வகை வாங்கினால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். எஞ்சினை அணைத்த பிறகும், பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டரில் வெற்றிடம் மிச்சம் இருக்கும். அப்படியே பெட்டியை மாட்டினால், அது லேசாகத் தொட்டாலே பிரேக் பலமாகப் பிடிக்கும். பெடல் கல்லாக இறுகும்வரை நாலைந்து முறை மிதித்துவிட்டு மாட்ட வேண்டும். கியர்பாக்ஸுக்காக எஞ்சினை ஓடவிடும் சடங்கு உங்கள் காருக்கு உண்டென்றால், அதை முடித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வெற்றிடம் திரும்ப நிரம்பிவிடும். பெடலை ஓயாமல் கொஞ்சம் அழுத்தியபடியே பெட்டியை வைத்துவிட்டால் அது இன்னும் மோசம். பிரேக் தேய்ந்துகொண்டே வந்து தீப்பிடித்த கார்கள் உண்டு, முன்னால் இருப்பவருக்குப் புகை தெரியும் வரை எதுவும் தெரிந்திருக்காது. காரின் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டார்ஹோமில் ஒரு விளக்கு எரியும்படி எல்லா நல்ல பிரேக் அமைப்புகளிலும் வசதி இருக்கிறது. அதைக் கண்டிப்பாகப் பொருத்துங்கள். நீங்கள் பிரேக் மிதிக்காதபோது அது எரிந்தால் உடனே ஓரம் கட்ட வேண்டும்.

அறுபட்டால் பிடிக்கும் பிரேக் என்று இன்னொன்று இருக்கிறது. மெல்லிய கம்பி ஒன்று காரின் முன்பக்க சுவிட்சிலிருந்து மோட்டார்ஹோமுக்குப் போகும். எல்லாம் கழன்று கார் தனியாகப் பிரிந்தால், கம்பி அந்த சுவிட்சில் செருகியிருக்கும் 'பின்'னை, அதாவது சின்ன ஊசியைப் பிடுங்கிவிடும், காரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கம்பியை டோ பாரிலேயே கட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டோ பார் ஹிட்ச்சிலிருந்து கழன்றால் கம்பியும் அதனோடேயே போய்விடும், பின் பிடுங்கப்படவே படாது. மோட்டார்ஹோமின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது பின்னைக் கையால் பிடுங்கி, பெடல் இறங்குகிறதா என்று பாருங்கள்.

பாதுகாப்புக் கம்பிகளை டோ பாருக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் போட வேண்டும். டோ பார் கழன்று விழுந்தாலும் அந்தக் குறுக்குக் கம்பிகள் தொட்டில் மாதிரி தாங்கிக்கொள்ளும், பாரின் முனை சாலையில் குத்தாது. திரும்புவதற்குப் போதுமான தளர்வு இருக்கட்டும், ஆனால் தரையில் உரசக் கூடாது. டோ பார் ஓரளவு சமமட்டமாகவும் இருக்க வேண்டும். இரண்டு முனைக்கும் உயர வித்தியாசம் எட்டு பத்து சென்டிமீட்டரைத் தாண்டினால், பிரேக் அடிக்கும்போது தள்ளும் விசை ஒரு வண்டியைத் தூக்கவும் இன்னொன்றை அமுக்கவும் தொடங்கிவிடும். உயரத்தைச் சரிசெய்ய ஹிட்ச்சில் செருகும் அடாப்டர் கிடைக்கிறது. ஆனால் அதற்கும் ஓர் எடை வரம்பு உண்டு, நீளமாக வெளியே நீட்டினால் நெம்புகோல் போல வேலை செய்து ஹிட்ச்சின் பலத்தையும் குறைத்துவிடும்.

விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார்ஹோமின் பின்விளக்குகளைக் கார் மறைத்துவிடும் என்பதால் காரின் பின்விளக்குகள் எல்லாமே கூடவே எரிய வேண்டும். காரின் சொந்த ஒயரிங்கில் நேரடியாக இணைத்தால் மின்சாரம் எதிர்ப்பக்கம் பாய்ந்து காரின் மின்னணுப் பாகங்களைக் கெடுக்கும், இடையில் மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டையோடுகள் வேண்டும். தனி பல்பு பொருத்துவது இன்னும் சுத்தமான வழி. பேட்டரியை மட்டும் கவனியுங்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கப் பல கார்களில் சாவியை ஒரு படி திருப்பியே வைக்க வேண்டியிருக்கும். பிரேக் பெட்டியும் அதே பேட்டரியில்தான் ஓடும். மாலையில் போய்ச் சேரும்போது கார் ஸ்டார்ட் ஆகாது. அதைவிட மோசமாக, பேட்டரி இறங்கிய காரில் அறுபட்டால் பிடிக்கும் பிரேக்கும் வேலை செய்யாது. மோட்டார்ஹோமிலிருந்து ஒரு சார்ஜ் ஒயரை ஃபியூஸோடு இழுத்துவிட்டால் இந்தத் தொல்லை முடிந்தது.

மாட்டுகிற நேரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதில் கஷ்டமான வேலை என்று எதுவும் கிடையாது. ஆனால் பாதியில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், பக்கத்து வண்டிக்காரர் வந்து எங்கே போகிறீர்கள் என்பார், திரும்பி வந்து எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியாமல் கிளம்பிவிடுவோம். எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம். மாட்டுவது ஒருவர், அவர் முடித்த பிறகு தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பது இன்னொருவர். நடுவில் தடங்கல் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் அப்படித்தான். ஒவ்வொரு பின்னும் உள்ளே போயிருக்கிறதா, பின்னுக்குக் கிளிப் மாட்டியிருக்கிறதா, ஹேண்ட் பிரேக் இறக்கியிருக்கிறதா, கியர் சரியான இடத்தில் இருக்கிறதா, ஸ்டியரிங் திரும்புகிறதா என்று பார்ப்போம். சில புதிய கார்களில் மின்சார ஹேண்ட் பிரேக், கதவைத் திறந்தாலோ எஞ்சினை அணைத்தாலோ தானாகவே பிடித்துக்கொள்ளும். அதற்கான முறையைக் கையேட்டில் படித்து ஒரு அட்டையில் எழுதிக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது ஒருவர் கீழே நிற்க, மோட்டார்ஹோமை மெதுவாகப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் நகர்த்துங்கள். டோ பாரின் இரண்டு கைகளும் நீண்டு 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். கீழே நிற்பவர் காரின் நான்கு சக்கரங்களும் சுற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்புறம் லேசாக வளைத்தால், காரின் முன்சக்கரங்கள் தாமாகத் திரும்பிப் பின்தொடர வேண்டும். ஹேண்ட் பிரேக் மறந்தது, ஸ்டியரிங் பூட்டியது, கியர் தப்பாக இருப்பது எல்லாம் இந்த ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும். மறந்துவிட்டால் டயர்கள் சில கிலோமீட்டரிலேயே ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துவிடும்.

சாலையில் இருக்கும்போது காரைப் பேசவைக்க இரண்டு கருவிகள் போதும். ஒன்று, ஓயாமல் ஓடும் பின் கேமரா. மற்றது, காரின் நான்கு டயருக்கும் காற்றழுத்தம், வெப்பம் காட்டும் சென்சார்கள். மோட்டார்ஹோம் நீளமாக இருந்தால் சிக்னலைக் கடத்த நடுவில் ஒரு ரிப்பீட்டர் வேண்டியிருக்கும். அந்தக் கிழிந்த டயருக்குப் பிறகு நான் வாங்கிய முதல் பொருள் இதுதான். நிறுத்தும்போதெல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்து, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பிரேக் உரசுகிறது அல்லது பேரிங் போகிறது. பின்களையும் பாருங்கள், அதிர்விலும் கழலும், வேண்டுமென்றே கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 90-ஐ 100 ஆக்கினால் பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கூடிவிடும். கலிஃபோர்னியாவில் எதையாவது இழுக்கும் வண்டிக்கு மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு. காரின் கையேடு சொல்லும் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் வரம்பு. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் பிரேக்கை வேலை வாங்குங்கள். பாதி இறக்கத்தில் குறைப்பது தாமதம். இன்னொரு நாட்டுக்குள் நுழைவதாக இருந்தால் சட்டத்தையும் முன்கூட்டியே பாருங்கள். பிரிட்டனில் ஓடும் இந்த ஏற்பாட்டை ஸ்பெயின் போலீஸ் ஒப்புக்கொள்வதில்லை, அங்கே பழுதான வண்டியை மீட்பதைத் தவிர ஒரு மோட்டார் வண்டி இன்னொன்றை இழுக்கக் கூடாது.

பின்னோக்கி ஓட்டவே கூடாது. நான்கு சக்கர முறையில் காரின் முன்சக்கரங்கள் யாரும் பிடிக்காத தள்ளுவண்டிச் சக்கரங்கள் மாதிரி. முன்னால் இழுத்தால் நேராகத் தொடரும், பின்னால் தள்ளினால் உடனே ஒரு பக்கமாக மடங்கி முட்டிக்கொள்ளும். அப்போது டோ பாரின் ஒரு கை வளைந்துவிடும், பேஸ் பிளேட்டும் கோணலாகலாம். ஒன்றிரண்டு அடிதானே என்று செய்து பார்த்தவர்கள் எல்லோரிடமும் ஒரு வளைந்த டோ பார் கதை இருக்கும். டாலியும் இப்படித்தான், அதில் மடங்க இரண்டு இடங்கள். அதனால் பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் வெளியே போகும் வழி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத இடம் என்றால் மேலிருந்து எடுத்த படத்தை முந்தின நாளே பார்த்து வையுங்கள். மாட்டிக்கொண்டால் வெட்கப்படாமல் இறங்கிக் காரைக் கழற்றுங்கள், ஐந்து நிமிட வேலை. கழற்றும்போது வண்டி வளைந்தோ சரிவிலோ நின்றால் பின்கள் இறுகிக்கொள்ளும். அதைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், இறுக்கத்தில் இருக்கும் கை சடாரென்று விடுபட்டு விரலைப் பதம் பார்க்கும். சமதளத்தில் நேராக நிறுத்திக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் காரின் ஹேண்ட் பிரேக்கைப் போட மறக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியரை பார்க்கில் போட்டிருந்தாலும் கார் உருளும்.

இன்னொரு சிறு கேள்வியும் கேட்டிருந்தீர்கள், நாயைக் காரில் விட்டுவிட்டு இழுக்கலாமா என்று. கூடாது. மனிதர்களும் கூடாது, நாயும் கூடாது. அங்கே என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. தவிர, ஜன்னல் பொத்தானையோ கியரையோ மிதித்து வைக்க ஒரு நாய்க்கு ஐந்து நிமிடம் போதும்.

முதல் பயணத்துக்கு முன் ஒரு காலி மைதானத்தில் அரை நாள் செலவழியுங்கள். நான்கைந்து முறை மாட்டிக் கழற்றுங்கள், எவ்வளவு இறுக்கமாகத் திரும்பினால் கார் மோட்டார்ஹோமின் மூலையை நெருங்குகிறது என்று இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மணிக்கு 30-இல் ஒருமுறை பலமாக பிரேக் அடித்துக் காரின் பிரேக் சேர்ந்து பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு சாலையில் ஏறி, முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரிலேயே ஓரம் கட்டி ஒரு சுற்று பாருங்கள். புதிதாக மாட்டிய எந்த போல்ட்டும் தளர்வதாக இருந்தால் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள் தளர்ந்துவிடும்.